கூண்டு ஏற்றிய கதை – 6: சிவப்பு நான்கு

1970 நவம்பர் 12, வியாழக்கிழமை. ரமலான் மாதத்தின் இரண்டாவது வாரம்.

மேக்னா ஆறு வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் போலா, ஹாத்தியா, மன்புரா என்று பெரிதும் சிறிதுமாகத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இன்றைக்கு அது பங்களாதேஷ். அன்றைக்குக் கிழக்குப் பாகிஸ்தான். எல்லாமே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். கடல் மட்டத்திலிருந்து இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டாத இடங்களே அதிகம். நிலமில்லாத ஏழைக்கு வேறு எங்கே நிலம் கிடைக்கும்? ஆபத்து தெரிந்தும் குடியேறிக்கொண்டே இருந்தார்கள்.

ஆமன் நெல் கதிர் முற்றி அறுப்புக்குக் காத்திருந்தது. அறுப்புக் கூலிக்காக வெளி ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் வயலோரத்தில் மூங்கிலும் வைக்கோலுமாகக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். மாலையில் நோன்பு திறந்தாயிற்று. காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. காற்று கொஞ்சம் பலமாக வீசியது, தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. ஐப்பசி மாதத்து வங்கக் கரையில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஊருக்கு ஓரிரண்டு டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் இருந்தன. அன்று அவற்றில் திரும்பத் திரும்ப ஓர் அறிவிப்பு வந்தது.

“சிவப்பு நான்கு… சிவப்பு நான்கு…”

பெரும் அபாயம் வருகிறது என்றும் சொன்னார்கள். கேட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னார்கள். செய்தி தீவு முழுக்கப் பரவியது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள்.

நள்ளிரவை ஒட்டி, தெற்கே கடல் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. உயிர் தப்பியவர்கள் பின்னாளில் சொன்னார்கள்: இரைச்சல் நெருங்க நெருங்க, கும்மிருட்டில் வெண்மையாக ஏதோ மினுங்கியது. அது என்னவென்று புரிந்தபோது தலைக்கு மேலே நின்றது. அலையின் நுரை.

அந்த அலைக்குள் போவதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம் எச்சரித்தது. ஜனங்களும் கேட்டார்கள். பிறகு ஏன் ஒருவரும் நகரவில்லை?

★

விடை அந்த ‘நான்கு’ என்ற எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் அடித்து நொறுக்கியதையும், மறுவருடமே அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியதையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். யாருக்காக அந்த ஏற்பாடு என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. கப்பல்களுக்காக. நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலின் கேப்டன் தொலைநோக்கியை எடுத்துத் துறைமுகக் கம்பத்தைப் பார்ப்பார். அங்கே தொங்கும் கூண்டின் வடிவத்தைப் பார்த்து, ஆழ்கடலுக்குப் போய்விடுவதா, துறைமுகத்திலேயே நிற்பதா என்று முடிவெடுப்பார். இரவில் கூண்டுக்குப் பதில் விளக்குகள்.

நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் “1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்று ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நாம் படிக்கிறோமே, அதே முறைதான் இது. வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்த ஒரே வரிசை சென்னை முதல் சிட்டகாங் வரை வழங்கியது. 1, 2 என்றால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம்.

பத்து என்றால் ஒன்பதைவிட மோசம், ஒன்பது எட்டைவிட மோசம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவல்ல. 8, 9, 10 மூன்றும் ஒரே உக்கிரமுள்ள புயலைக் குறிப்பவை. புயல் கரை கடக்கும்போது துறைமுகம் அதன் இடப்பக்கம் வருமா, வலப்பக்கம் வருமா, அல்லது நேரே துறைமுகத்தின் மீதே ஏறுமா என்பதுதான் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம். 5, 6, 7-ம் அப்படியே. காற்று எந்தத் திசையிலிருந்து திரும்பும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய மாலுமிக்கு இது உயிர் காக்கும் தகவல். கரையில் குடிசை போட்டிருக்கும் விவசாயிக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர் என் வீட்டுக்குள் வருமா, வந்தால் எவ்வளவு உயரத்துக்கு?

அந்தக் கேள்விக்குப் பதினோரு எண்களில் எதிலும் பதில் இல்லை. ஆம், பதினொன்று. பத்துக்கு மேல் இன்னொரு எண்ணும் உண்டு. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

★

இந்தக் குறைபாடு யாருக்கும் தெரியாமல் இருந்ததா? தெரிந்தே இருந்தது.

1960 அக்டோபரில் மட்டும் கிழக்குப் பாகிஸ்தான் கரையை இரண்டு புயல்கள் தாக்கின. குறைந்தது 16,000 பேர் இறந்தார்கள். பாகிஸ்தான் அரசு அமெரிக்காவிடம் உதவி கேட்டது. அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையத்துக்குத் தலைவராக இருந்த கோர்டன் டன் கரையை ஆராய்ந்து, எச்சரிக்கை முறையை எப்படிச் சீரமைக்க வேண்டும் என்று 1961-இல் அறிக்கை கொடுத்தார். அதில் சிலவற்றை நிறைவேற்றினார்கள். சிலவற்றை நிறைவேற்றவில்லை. 1963-இல் ஒரு பெரும் புயல், 1965-இல் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

1966-இல் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு சிறிய முயற்சியைத் தொடங்கியது. சில கரையோரக் கிராமங்களில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, டிரான்சிஸ்டரும் சைரனும் கொடுத்துவைத்தார்கள். அது முன்னோட்டம் மட்டுமே. லட்சக்கணக்கான ஜனங்கள் வாழும் கரையில் அது எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்?

பழைய எண் வரிசை சிக்கலாக இருக்கிறது என்று அதைச் சுருக்கினார்கள். நோக்கம் நல்லதுதான். அந்தச் சுருக்கத்தில் பிறந்ததுதான் ‘சிவப்பு நான்கு’. ஆனால் புதிய முறை இன்னதென்று தீவு தீவாகப் போய் ஜனங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வரை எண்ணிப் பழகிய காதில் ‘நான்கு’ எப்படி விழும்? வேறு சிலர் நேர் எதிராக, 1-ஆம் எண்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று நம்பியிருந்தார்கள். உயிர் தப்பியவர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, வானொலி நிலையத்தில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருந்தவர் அனுப்பிய நான்கு ஒன்று, போலாவில் டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றவர்களுக்கு வந்து சேர்ந்த நான்கு வேறு.

இதற்கு மேல் இன்னொரு வினையும் சேர்ந்தது. மூன்று வாரம் முன்புதான், அக்டோபர் பிற்பகுதியில், இதே கரையை ஒரு புயல் கடந்திருந்தது. அதற்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ‘போன தடவையும் இப்படித்தானே சொன்னார்கள்’ என்ற நினைப்பு ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது. அதை ஜனங்களின் அசட்டை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. வீட்டைப் பூட்டாமல் விட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, குழந்தை குட்டியோடு மழையில் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தவர் அடுத்த முறை யோசிக்கத்தான் செய்வார். ஒரு எச்சரிக்கை பலிக்காமல் போனால், ஏன் பலிக்கவில்லை என்று ஜனங்களிடம் வந்து சொல்ல வேண்டியது எச்சரித்தவரின் கடமை. அந்த மூன்று வாரத்தில் அதைச் செய்ய ஆளில்லை.

இதற்கிடையே கடலில் அடுத்தது உருவாகிக்கொண்டிருந்தது.

★

தென்சீனக் கடலில் ‘நோரா’ என்று பெயரிடப்பட்ட ஒரு புயல் கரைந்துபோய், அதன் மிச்சம் மலேயா தீபகற்பத்தைத் தாண்டி வங்கக் கடலுக்குள் வந்தது. நவம்பர் 8-ஆம் தேதி அது தாழ்வு மண்டலமாகத் திரண்டது. வடக்கே நகரத் தொடங்கியது. 11-ஆம் தேதிக்குள் கடும் புயலாகிவிட்டது. அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் அதன் சுழல் தெளிவாகத் தெரிந்தது. ஆக, வருகிறது என்பது தெரியும். ஏறக்குறைய எங்கே வருகிறது என்பதும் தெரியும்.

12-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த ‘மகாஜகமித்ரா’ என்ற 5,500 டன் இந்தியச் சரக்குக் கப்பல் புயலின் நடுவில் மாட்டிக்கொண்டது. அபாயச் செய்தி அனுப்பியது. பிறகு செய்தி வரவில்லை. கப்பலில் இருந்த 50 பேரும் அதோடு போய்விட்டார்கள். புயலின் முதல் பலி அவர்கள்.

கப்பலுக்கென்று உண்டான எச்சரிக்கை முறை இந்தக் கப்பலைக்கூடக் காப்பாற்றவில்லை. இனிக் கரை.

அன்றைய நாளுக்கு இன்னொரு கெடுதியும் இருந்தது. மறுநாள் பௌர்ணமி. கடல் இயல்பாகவே உயர்ந்து ஏறும் நாள். புயல் கரையைத் தொட்ட நேரமும் ஏற்ற நேரமும் ஒன்றாக அமைந்தன. மேக்னா முகத்துவாரம் புனலைப்போல வடக்கே குறுகிக்கொண்டே போகிறது. கடலின் தரையோ வெகுதூரத்துக்கு ஆழமில்லாதது. புயல் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீருக்குப் பக்கவாட்டில் ஒதுங்க இடமில்லை, கீழே இறங்கவும் இடமில்லை. மேலே ஏறுவது ஒன்றுதான் வழி. சில இடங்களில் 6 மீட்டருக்கு மேல், சில கணக்குகளின்படி 10 மீட்டர் வரை ஏறியது. மூன்று மாடி உயரம். இரண்டு ஆள் உயரமே உள்ள தீவின் மீது.

சிட்டகாங் வானிலை நிலையத்தில் இருந்த காற்றளவி மணிக்கு 144 கிலோமீட்டர் என்று காட்டிவிட்டு, அதுவே பிய்த்துக்கொண்டு போயிற்று. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல் முக்கால் மணி நேரம் கழித்து 222 என்று குறித்துவைத்தது. ஆனால் கொன்றது காற்றல்ல. ரேடியோவில் புயல் என்று கேட்டவர்கள் காற்றைத்தான் நினைத்தார்கள். காற்றுக்குக் கூரை பறக்கும், மரம் விழும், அது அவர்களுக்குத் தெரியும். கடலே எழுந்து வரும் என்று அன்றைய அறிவிப்பில் அவர்களுக்கு விளங்கும் வார்த்தையில் யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் முதலில் முழங்காலுக்கு வந்தது, சில நிமிடங்களில் கூரைக்கு வந்தது. கூரை மீது ஏறியவர்களைக் கூரையோடு கொண்டுபோயிற்று. பாக்கு மரமும் தென்னை மரமும் கையில் அகப்பட்டவர்கள் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் இழுக்க, இவர்கள் விடாமல் பிடிக்க, மணிக்கணக்கில் அந்தப் போராட்டம் நடந்தது.

அப்படிப் பிழைத்தவர்களின் உடம்பில் ஒரு அடையாளம் இருந்தது. டாக்காவில் காலரா ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆல்ஃபிரட் சோமரும் வைலி மோஸ்லியும் புயலுக்குப் பின் தீவுகளில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனார்கள். (வைட்டமின் ஏ குறைபாடு பற்றிய ஆய்வுக்காகப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே சோமர்தான்.) மார்பிலும், கைகளின் உட்பக்கத்திலும், தொடையின் உட்பக்கத்திலும் தோல் உரிந்த புண்ணோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்த இடமெல்லாம் புண். மருத்துவர்கள் அதற்குப் புயல் நோய் என்றே பெயர் வைத்தார்கள்.

கட்டிப்பிடிக்கத் தெம்பில்லாதவர்கள் போய்விட்டார்கள். இறந்தவர்களில் பாதிக்கும் மேல் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஜனத்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. தஜுமுதீன் என்ற வட்டாரத்தில் 1,67,000 பேர் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் அந்த ஒரே இரவில் மாண்டார்கள்.

மொத்தம் எத்தனை பேர்? அந்த மருத்துவர்களின் கணக்கின்படி குறைந்தபட்சம் 2,24,000. மூன்று லட்சம் என்றும், ஐந்து லட்சம் என்றும் சொல்பவர்கள் உண்டு. வெளியூரிலிருந்து வந்த அறுப்புக் கூலிகளை யார் கணக்கில் சேர்ப்பது? கேட்டுச் சொல்ல அவர்கள் வீட்டாரும் அங்கே இல்லை. பதிவான வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடித்த புயல் இதுதான் என்று உலக வானிலை அமைப்பு 2017-இல் அறிவித்தது.

இனி, நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். புயலுக்குப் பிறகு நடந்த ஆய்வில் இரண்டு எண்கள் கிடைத்தன. பாதிக்கப்பட்ட பகுதியில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புயல் வருவது முன்னதாகத் தெரிந்திருந்தது. உறுதியான கட்டடம் தேடிப் போனவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் அத்தனை பேரும் செத்தார்கள். எச்சரிக்கை காதில் விழுந்ததோடு தன் வேலை முடிந்தது என்று ஓர் அரசாங்கம் நினைத்தது. கேட்டவர் எழுந்து, நடந்து, பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் எச்சரிக்கை முடிவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். போவதற்கு இடமே இல்லாத தீவில், ‘போ’ என்றுகூடச் சொல்லாத எச்சரிக்கை அது. செங்கல் கட்டடம் என்று சொல்லிக்கொள்ள எத்தனை ஊர்களில் என்ன இருந்தது?

★

பொழுது விடிந்தது. ஆனால் டாக்காவுக்கு உடனே ஒன்றும் தெரியவில்லை. கம்பிகள் அறுந்து, படகுகள் நொறுங்கி, தீவுகளிலிருந்து செய்தி வர வழியில்லாமல் போயிற்று. பதினோராம் எண்ணின் பொருள் இதுதான். ஆனால் அந்த எண் துறைமுகக் கம்பத்துக்கு உரியது. தீவில் அதை ஏற்றக் கம்பமும் இல்லை, பார்க்கக் கண்ணும் இல்லை.

ஆபத்துக்கு முன் பேசுவது ஒரு கடமை என்றால், ஆபத்துக்குப் பின் பேசுவது அதைவிடப் பெரிய கடமை. அதிபர் யாஹ்யா கான் அப்போது சீனாவில் அரசுமுறைப் பயணத்தில் இருந்தார். திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கினார். விமானத்திலிருந்து வெள்ளக்காட்டைப் பார்வையிட்டார். மேற்குப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்கள் போயின, உதவி தட்டுத்தடுமாறி வந்தது. ஹெலிகாப்டர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, இந்தியா தன் வான்வெளியைத் தரவில்லை என்றது பாகிஸ்தான். இந்தியா அதை மறுத்தது. பிணங்கள் வயல்களில் கிடக்க, அரசாங்கங்கள் மறுப்பு வெளியிட்டுக்கொண்டிருந்தன.

கிழக்குப் பாகிஸ்தானின் அரசியல் தலைவர்கள் பதினொரு பேர் சேர்ந்து, மத்திய அரசின் அலட்சியத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். மூத்த அரசியல் தலைவர் மௌலானா பாஷானி தீவுகளைப் பார்த்துவிட்டு வந்து, டாக்காவில் 50,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில், அதிபர் பதவி விலக வேண்டும் என்றார். அவாமி லீக் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் பாதிக்கப்பட்ட இடங்களுக்குப் போய் வந்து வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். நிவாரண வேலையில் தவறுகள் நேர்ந்தன என்று யாஹ்யாவே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

டிசம்பர் 7-இல் பொதுத்தேர்தல். புயல் அடித்த தொகுதிகளில் மட்டும் வாக்குப்பதிவை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் முஜிபின் அவாமி லீக் 160-ஐக் கைப்பற்றியது. மொழிப் பிரச்சினை, பொருளாதாரப் பாகுபாடு என்று அந்த வெற்றிக்குக் கால் நூற்றாண்டுக் காரணங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஒரு புயலின் தலையில் கட்டுவது சரியில்லை. ஆனால் ‘நாம் செத்தாலும் இவர்கள் நம்மிடம் பேச மாட்டார்கள்’ என்று கிழக்கு வங்காளத்துக்கு அந்த நவம்பர் உறுதிப்படுத்திவிட்டது. அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1971 மார்ச்சில் ராணுவ வேட்டை, டிசம்பர் 16-இல் பங்களாதேஷ்.

புதிய நாடு பிறந்தது. பழைய கடல் அப்படியே இருந்தது. அடுத்த புயல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கஜானா காலி, சாலைகள் இல்லை, பாலங்கள் போரில் தகர்ந்து கிடந்தன. அந்த நிலைமையில் என்ன செய்ய முடியும்?

★

ஆச்சரியமாக, உலகம் இன்றுவரை பாடம் படிக்கும் வேலை அங்கேதான் தொடங்கியது.

1972-இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனம் புயல் ஆயத்தத் திட்டம் என்ற ஒன்றை ஆரம்பித்தது. அதற்கு வழிகாட்டியவர் கிளேஸ் ஹேக்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரர். மறுவருடம், 1973 ஜூலையில், பங்களாதேஷ் அரசும் அதில் பங்காளியானது. 1966-இல் முன்னோட்டமாகச் செய்ததை இப்போது கரை முழுக்கச் செய்யத் துணிந்தார்கள்.

ரேடியோவை நம்பியது போதாது என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். ரேடியோவில் வரும் குரல் யாருடையது என்று தெரியாது. அதனிடம் சந்தேகம் கேட்க முடியாது. நடுராத்திரியில் வந்து அது கதவைத் தட்டாது. கதவைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும். சுமார் இரண்டாயிரம் பேருக்கு ஒரு குழு. குழுவில் பத்துப் பேர். எச்சரிக்கைக்கு இருவர், தங்குமிடத்துக்கு இருவர், மீட்புக்கு இருவர், முதலுதவிக்கு இருவர், நிவாரணத்துக்கு இருவர். ஊர் ஜனங்களே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளம் கிடையாது. மழைக்கோட்டு, பூட்ஸ், டார்ச், மெகாபோன், கையால் சுழற்றும் சைரன், ஒரு டிரான்சிஸ்டர், இவைதான் கிடைத்தன. ஆரம்பத்திலேயே இருபதாயிரம் பேருக்கு மேல் முன்வந்தார்கள். அவர்களில் பலர் 1970-இல் மனைவி மக்களை இழந்தவர்கள் என்றால் அதில் வியப்பில்லை.

டாக்காவில் வானிலை மையம் எச்சரித்ததும் செய்தி வயர்லெஸ்ஸில் வட்டார அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து குழுத் தலைவருக்கு. அதன் பிறகு கால்நடையாக, சைக்கிளில், படகில்.

எண் குழப்பத்துக்கு அவர்கள் கண்ட வழி கொடி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். ஊரின் உயரமான இடத்தில் ஒரு கொடி பறந்தால், கடலில் ஏதோ இருக்கிறது, காதைத் தீட்டி வைத்துக்கொள். இரண்டு கொடி என்றால் அபாயம், மூட்டை கட்டித் தயாராக இரு. மூன்று கொடி என்றால் பெரும் அபாயம், கிளம்பு. மூன்றாவது கொடி ஏறிவிட்டால் சைரனும் மெகாபோனும் வீடு வீடாக வரும். கூண்டிலும் வானொலியிலும் இல்லாமல் போன சொல் இதில் இருந்தது. கிளம்பு என்ற சொல்.

புயல் இல்லாத மாதங்களில் ஊர் ஊராகத் தெருக்கூத்து மாதிரி நாடகம் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். வருடா வருடம் ஒத்திகை நடத்தினார்கள். ஆபத்து வரும்போது புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது. அதற்கு முன்பே சொல்லிக் கொடுத்ததைத்தான் நினைவூட்ட முடியும். 1970-இல் ‘சிவப்பு நான்கு’ தோற்ற இடம் இதுதான்.

மாடுகளை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று பலர் சொன்னார்கள். ஒரு ஜோடி மாடு போனால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த போகம் கிடையாது. எனவே மாடுகள் ஏறி நிற்க உயரமான மண்மேடுகள் எழுப்பினார்கள். முஜிப் கில்லா, அதாவது முஜிப் கோட்டை என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. எச்சரிக்கிறவர் கேட்பவரின் கவலையைக் கேட்டால் இப்படி ஒரு விடை கிடைக்கும்.

இருபது வருடம் அந்தத் தொண்டர்கள் ஓடினார்கள். நடுவில் பல புயல்கள் வந்து போயின. ஆனால் 1970-க்கு நிகரான ஒன்று வரவில்லை. பரீட்சை இனிமேல்தான்.

1991 ஏப்ரல் 29. மறுபடியும் பௌர்ணமியை ஒட்டிய நாள். மறுபடியும் வங்கக் கடலில் ஓர் அசுரப் புயல். இந்த முறை சிட்டகாங் கரையை நோக்கி. இந்த முறை முன்னறிவிப்பில் தவறில்லை. 10-ஆம் எண் பெரும் அபாய எச்சரிக்கை உரிய நேரத்தில் ஏற்றப்பட்டது. வயர்லெஸ் வேலை செய்தது. தொண்டர்கள் ஓடினார்கள், மூன்று கொடிகள் ஏறின, சைரன்கள் சுழன்றன, கதவுகள் தட்டப்பட்டன. ஜனங்கள் கேட்டார்கள், புரிந்தும் கொண்டார்கள்.

மறுநாள் காலை 1,38,000 பேர் இறந்து கிடந்தார்கள்.

(அடுத்த வாரம்: மூன்றாவது கொடிக்குப் பிறகும் வீட்டிலேயே நின்றவர்கள்)